விறாந்தை கிறில்: பிரைமர் முடிஞ்சுது!

விறாந்தை கிறில் முழுக்க துரு எடுத்து பிரைமர் அடிச்சாச்சு. என்னை மாதிரி ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்தில நிக்காத, மூளை வளர்ச்சியோட வாற நிலை) இருக்கிற ஆக்களுக்கு விளங்கும் இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு. எனாமல் முதல் கோட் பாதியில நிக்குது, ஆனா இந்த நடுக்கட்டத்தைப் பற்றி இப்பவே எழுதோணும் போல கிடக்கு.

சுரண்டுறதில எனக்குக் கரைச்சலே இல்லை. வயர் பிரஷ், 80ம் நம்பர் சாண்ட் பேப்பர், சத்தம், கை போன இடமெல்லாம் வெள்ளையா இரும்பு தெரியும், சோறும் மறந்துபோகும். கரைச்சல் சுரண்டினதுக்கும் பிரைமருக்கும் நடுவில. திருகோணமலை உப்புவெளியில கடலுக்குக் கிட்ட வீடு எண்டா காலமை சுரண்டின கம்பி பின்னேரம் மஞ்சளடிக்கத் தொடங்கிடும். இரும்பில நிக்கிற உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதுக்கு மேல என்ன அடிச்சாலும் உள்ளுக்கால கொப்புளிச்சு வரும். அதால நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, காயவிட்டு, அண்டைக்கே அடிக்கோணும். அந்த "காயவிட்டு"தான் எங்கட ஆக்களுக்குப் பொறி. கண்ணுக்கு முன்னால ஒண்டும் நடக்காத நேரம் மூளை வேற வேலைக்குப் போயிடும், திரும்பி வரேக்க பொழுதும் பட்டிருக்கும்.

இந்தமுறை காயவிடுற நேரத்தையே எடுத்துப் போட்டன். மாஸ்கிங் டேப்பால கிறிலைப் பெட்டி பெட்டியாப் பிரிச்சு, ஒரு பெட்டியைச் சுரண்டி, கழுவி, தங்கச்சியின்ர ஹெயார் ட்ரையரால காயவைச்சு, பிரைமரும் அடிச்சாப் பிறகுதான் அடுத்தது. உருண்டைக் கம்பி பட்டையில வெல்ட் ஆகிற மூலையில ஒரு சொட்டுத் தண்ணி ஒளிச்சு நிக்கும், ட்ரையரைக் கீழ இருந்து சரிச்சுப் பிடிச்சாத்தான் அது வெளியில வரும். ட்ரையரைக் கழட்டித் தூர வைச்சிட்டுத்தான் பிரைமர் டின்னைத் திறக்கோணும், தின்னர் ஆவி நெருப்புப் பிடிக்கும். அந்த ஆவிக்குக் கிட்ட ட்ரையர் போடாம இருக்க, அடுத்த பெட்டிக்கு மற்றத் தொங்கலுக்குப் போயிடுவன். தங்கச்சி பக்கத்தில கதிரை போட்டுப் படிச்சுக்கொண்டிருந்தா. "அண்ணா, அந்தப் பெட்டி இன்னும் அடிக்கேல்ல" எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான், ஆள் பக்கத்தில இருக்கிறதே எனக்குப் பெரிய பலம்.

சோம்பல் எண்டு சொல்லுற சொந்தக்காரருக்கும் ஒண்டு சொல்லோணும். 2013ல வந்த டிஎஸ்எம்-5ல (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின்ர நோயறியும் கைநூல்) ஏடிஎச்டியின்ர கவனக்குறைவு அறிகுறிப் பட்டியல்லயே வீட்டுவேலையை முடிக்காம விடுறது எண்டு கிடக்கு. 17 வயசிலயும் அதுக்கு மேலயும் 5 அறிகுறி இருந்தாலே கணக்கில எடுப்பினம், அதில சிலது 12 வயசுக்கு முதலே தெரிஞ்சிருக்கோணும். சின்னனில இருந்து எங்களோட வாறதைச் சோம்பல் எண்டு சொல்லாதேங்கோ, கேக்க உண்மையாவே நோகுது.

ரவுணில பிரைமர் வேண்டப் போனா பெரிய டின்னைத்தான் தூக்கித் தருவினம், சின்ன டின் இருக்கா எண்டு கேளுங்கோ. திறந்த டின்னில ஆடை படிஞ்சா அதை எடுக்கிறது இன்னொரு வேலை, அதிலயே நாள் போயிடும். சிங்க் பொஸ்பேற் பிரைமர் கிடைச்சா ரெட் ஒக்சைட்டை விட அதைத்தான் எடுப்பன்.

கேற்றையும் பாத்து வைச்சிருக்கிறன், கீழ்ப்பட்டையைத் துரு தின்னிட்டுது, வெல்டிங்காரரிட்ட குடுத்துப் புதுப்பட்டை போடோணும். கிணத்துக் கப்பியும் கிடக்கு. வாடை மழை தொடங்க முதல் ரெண்டாம் கோட் எனாமல் அடிச்சிடோணும், அதுக்கும் தங்கச்சியிட்ட சனிக்கிழமை கேட்டு வைச்சிட்டன்.