லேப்டாப்பில் 12-ஆம் தலைமுறை பிராசசர் இருக்கும்போது 13-க்கு மாற வேண்டுமா?

லேப்டாப்பில் பிராசசரை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. இப்போது வரும் மாடல்களில் அது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வருகிறது. ஆகவே பிராசசரை மாற்றுவது என்றால் லேப்டாப்பையே மாற்றுவதுதான். அவ்வளவு பணம் போடுமுன் ஸ்டிக்கரில் இருக்கும் தலைமுறை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்டெலின் 12-ஆம் தலைமுறை ஐ5-1235யு, 13-ஆம் தலைமுறை ஐ5-1335யு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வேகத்துக்கான 2 பெர்ஃபார்மன்ஸ் கோர், மின்சிக்கனத்துக்கான 8 எஃபிஷியன்ட் கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்கள்). உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். எக்செல், பிரவுசர், ஜூம் வேலைகளில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் அதே 12-ஆம் தலைமுறை ஐ5-1240பி-யில் 4 பெர்ஃபார்மன்ஸ் கோர், 16 த்ரெட். அடிப்படை மின்அளவும் யு-வின் 15 வாட்டுக்குப் பதில் 28 வாட். ஃபேனும் ஹீட் பைப்பும் ஒழுங்காக இருந்தால், நீண்ட வீடியோ எக்ஸ்போர்ட்டில் இந்தப் ‘பழைய’ பி, புதிய யு-வை முந்திவிடும். எண்ணைவிடக் கடைசி எழுத்தை முதலில் பாருங்கள்.

ஏஎம்டி-யில் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் ‘ஜென்’ கட்டமைப்பைச் சொல்லும்; ஜென் எண் கூடினால் கட்டமைப்பு புதியது. 7520யு என்றால் ஜென் 2, 7530யு என்றால் ஜென் 3, 7640யு என்றால் ஜென் 4. 2021-இல் வந்த 5600யு-வில் ஜென் 3 கோர்கள் 6 இருக்கின்றன. 7520யு-வில் ஜென் 2 கோர்கள் 4 மட்டுமே. 5600யு வைத்திருப்பவர் 7520யு-வுக்குப் போனால் காசு கொடுத்துப் பின்னால் போகிறார். போதாக்குறைக்கு 7520யு லேப்டாப்களில் ரேமும் சால்டர்தான். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி.

ஐ5-7200யு போன்ற 7-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் தயங்காமல் மாறலாம். அதில் 2 கோர்தான். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ5-8250யு ஓரளவு தாங்கும். ஏவி1 என்ற வீடியோ வடிவத்தை விரித்துக் காட்டத் தனி வன்பொருள் டிகோடர் இல்லாததால் சில யூடியூப் வீடியோக்களில் ஃபேன் இரையும்.

முடிவெடுக்குமுன் வழக்கமான வேலையை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு, சிபியு (பிராசசர்) 30-லேயே நின்றால் குறை ரேமில்தான். டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். சிபியு 100-இல் நிற்கும்போது வேகம் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம்: ஃபேன் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட். வாட் குறைந்த சார்ஜர் செருகியிருந்தாலும் வேகம் இப்படி அமுங்கும். அதைக் கழற்றிவிட்டு, லேப்டாப்போடு வந்த சார்ஜரைச் செருகி ஒருமுறை பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் சிபியு முழு வேகத்தில் திணறினால் மட்டுமே புதிய பிராசசரால் பலன்.

மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபாக்டர் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று காட்டினால் அந்த ரேம் சால்டர் செய்யப்பட்டது. ‘எஸ்ஓடிஐஎம்எம்’ (கழற்றி மாற்றக்கூடியது) என்று இருந்து, இரண்டில் ஒரு ஸ்லாட் காலி என்றால் அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு ரேம் போடுங்கள். இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள சிப்கள் ஒற்றைச் சானலில் (ஒரே ரேமோடு) ஓடும்போது வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்றே காட்டும். இரண்டாவது ரேம் ஏறியதும் பெயரும் மாறும், வேகமும் கூடும்.