எண்ணுக்கு முன் தேதியைப் பாருங்கள்

பிரிட்டனில் மருந்தாளராகப் பதிவு பெற ஜூன் மாதம் எழுதிய பரீட்சையின் முடிவு வந்துவிட்டது. முதல் முயற்சியிலேயே தேறிவிட்டேன். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதால் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் 52 வாரப் பயிற்சியில் பாதி மருந்துக்கடையில் போனது, பாதி வடமேற்கு லண்டனில் ஒரு ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்தில். சர்ஜரிக்குப் போனால் கணினியில் கோப்புப் பார்த்தே காலம் போய்விடும், படிக்க முடியாது என்று முன்னே பரீட்சை எழுதியவர்கள் பலர் பயமுறுத்தினார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. முதல் தாளின் 40 கணக்குகளையும் பதறாமல் செய்ய முடிந்ததற்கு அந்த சர்ஜரிதான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அங்கே வந்த ஓர் அம்மா.

அவருக்கு 84 வயது. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் 5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை. வருடாந்தரப் பரிசீலனையைத் தொலைபேசியில் செய்தேன். இரத்தக் கசிவு இல்லை, மாத்திரை தவறுவதில்லை, தமிழில் பேசியதில் அவருக்கும் மகிழ்ச்சி. திரையில் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வேலை செய்யும் அளவு, 39 என்றிருந்தது. அதை நம்பக் கூடாது, இந்த வகை மருந்துக்குக் எடையையும் சேர்க்கும் கொக்ரொஃப்ட்-கோல்ட் முறையில்தான் கணக்கிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 140இல் 84 போக 56, எடை 71, பெண்ணுக்கு 1.04, இரத்தத்தில் கிரியேட்டினின் 112. விடை 37. 'மாற்றம் தேவையில்லை' என்று எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த எடை எந்த வருடத்தது?"

ஐந்து வருடத்துக்கு முந்தியது.

மறுநாள் அந்த அம்மாவை வரச் சொன்னோம். கோட்டைக் கழற்றியபோது வளையல்கள் முழங்கைவரை சரிந்தன. தராசு 54 காட்டியது. அதே கணக்கை மறுபடி போட்டால் 28. முப்பதுக்குக் கீழ் வந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். அது போக, 80 வயதைத் தாண்டியவர், 60 கிலோவுக்குக் குறைந்தவர் என்று இரண்டு நிபந்தனைகளும் பொருந்தின. அன்று மாலையே மருத்துவர் அளவை 2.5 ஆக்கினார். சூத்திரத்தில் நான் பிழை விடவில்லை. பழைய எண்ணைப் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறிப்பு அப்படியே போயிருந்தால் இரத்தக் கசிவு ஆபத்து அவருக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் விடாமல் செய்தவை:

- எடை, கிரியேட்டினின், இரத்த அழுத்தம் எதுவானாலும் முதலில் தேதி, பிறகுதான் எண்.
- மெத்தோட்ரெக்சேட், லித்தியம் போன்ற, இரத்தப் பரிசோதனையோடு தர வேண்டிய மருந்துகளைக் கேட்டு வந்தால் கடைசி இரத்தப் பரிசோதனை எப்போது என்று பார்க்காமல் மேலே அனுப்புவதில்லை.
- மருத்துவமனைக் கடிதம் வந்தால் எது புதிது, எது நின்றது, ஏன் என்று மூன்று வரி.
- முதல் வாரம் வரவேற்பு மேசையில். மருந்து தீர்ந்துபோனவர்களின் குரலை அங்கேதான் கேட்கலாம்.
- அன்று விடை தெரியாத ஒரு கேள்வியை அன்றிரவே பிஎன்எஃப் என்ற பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டில் தேடி, அந்த நோயாளியின் வயதோடு குறிப்பேட்டில். பெயர் எழுதக் கூடாது.

கேள்வி வங்கிகளை நான் அதிகம் தொடவில்லை. எனக்கு முகத்தோடு சேர்ந்தால்தான் எதுவும் மனதில் நிற்கும். இரண்டாம் தாளின் 120 கேள்விகளில் பலவற்றை வாசித்தபோது, இன்ன அறையில் இன்னாருக்கு நடந்தது என்றே நினைவு வந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லையென்றால் கேள்வி வங்கியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

2025-26 முதல் பயிற்சி தொடங்குபவர்களுக்கு மருந்து எழுதும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது, மேற்பார்வையில் 90 மணி நேரம். மேற்பார்வையாளர் பார்க்கிறார்தானே என்ற நிம்மதி ஒரு வருடம்தான், அடுத்து உங்கள் கையெழுத்தே மருந்தாகப் போகிறது. சர்ஜரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். போன முதல் நாளே தராசு எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.