செல்போர்ன் ஆலயத்தைச் சுற்றி ஒரு நடை

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ன் என்றொரு கிராமம். அங்குள்ள தூய மரியாள் ஆலயத்துக்குப் போனதும் உள்ளே நுழையாமல், வெளியே இருக்கும் யூ என்ற பசுமைமாறா மரத்திடம்தான் முதலில் போனேன். இப்போது அடிமரம் மட்டும்தான் மிச்சம். 1,000 ஆண்டுகளுக்கும் மேல் வயது என்கிறார்கள். 1990 ஜனவரிப் புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. கிளைகளைக் கழித்துவிட்டு மறுபடி நிமிர்த்தி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அது சாய்ந்தபோது வேர்களுக்கு நடுவே பழங்காலத்து மனித எலும்புகள் கிடைத்தன. எத்தனை தலைமுறை அதன் நிழலில் அடக்கமானதோ! தல விருட்சத்தைத் தொட்டுக் கும்பிடுவது போல அதைத் தொட்டுவிட்டே நடக்கத் தொடங்கினேன்.

கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே பாதை போகிறது. சரிவில் இறங்கினால் புல்வெளி, சின்ன ஓடை, அப்புறம் 'லித்' என்று அவர்கள் சொல்லும் மரம் அடர்ந்த மலைச்சரிவு. நடுநடுவே தனியார் நிலமும் வரும். ஆனாலும் மஞ்சள் அம்பு காட்டும் வழியில் யாரும் நடக்கலாம். திறந்த கதவை மூடிவிட்டுப் போனால் சரி. மழைக்குப் பிறகு போனால் சேறு காலணியை விடாது.

இந்தப் பாதையில் நடக்கும்போது, இயற்கையைக் கவனித்து எழுதிய கில்பர்ட் வைட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1720இல் இதே ஊரில், ஆலயக் குருவாக இருந்த தாத்தாவின் வீட்டில் பிறந்தவர். இவ்வூர்க் குருவை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியிடம் இருந்தது. இவரோ ஓரியல் கல்லூரிக்காரர். அதனால் சொந்த ஊரில் கடைசிவரை உதவிக்குருதான். அதற்காக அவர் ஊரை விட்டுப் போகவில்லை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் மூன்று கதிர்க்குருவிகளைக் குரலை வைத்தே வேறு வேறு இனமென்று பிரித்துச் சொன்னார். மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகி மலடாகிவிடும் என்று எழுதிவைத்தார். ஜெபம் என்றாலே கண்ணை மூடிப் பழகிய எனக்கு, கண்ணைத் திறந்தே ஜெபித்த இந்த மனிதர் மேல் கொஞ்சம் பொறாமைதான். பள்ளத்தாக்கில் ஊற்றும், கிளைகளில் பறவையும் வரும் வேதாகமத்தின் 104ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் ஒரு பறவை குறுக்கே பாடியது. சங்கீதத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டேன்.

குளங்களைத் தாண்டினால் பழைய மடம் இருந்த இடம். 1233இல் வின்செஸ்டர் பேராயர் பீட்டர் டி ரோஷ் நிறுவியது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூடப்பட்டு, அதன் சொத்தும் அதே மாக்டலன் கல்லூரிக்குப் போய்விட்டது. இன்று அங்கே இருப்பது பண்ணைதான். மடத்தின் சுவரென்று நின்று பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தும் எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

திரும்பி வந்து ஆலயத்துக்குள் போனால், வைட்டின் நினைவாக 1920இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல். பறவைகளுக்குப் போதிக்கும் தூய பிரான்சிஸும், அவரைச் சுற்றி வைட் எழுதிய பறவைகளும். அதிலேயே அரைமணி நேரம் போய்விடும். அவருடைய கல்லறை வெளியே, வடக்குப் பக்கம். சின்னக் கல்தான், தேடித்தான் பார்க்க வேண்டும். பெயர்கூட முழுதாக இல்லை: ஜி.டபிள்யூ., 26 ஜூன் 1793.

காலில் இன்னும் தெம்பிருந்தால் ஊரின் மறுபக்கக் குன்றிலும் ஏறலாம். 1753இல் கில்பர்ட்டும் அவர் தம்பி ஜானும் வெட்டிய வளைந்து வளைந்து ஏறும் பாதை அங்கே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் 'போஸ்டல்' என்ற சாய்வான பாதையில் போவது நல்லது. அதுவும் மேலேதான் கொண்டுபோய் விடும்.