மாதம் இரண்டு நாள் கேட்டேன்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில், தர ஆய்வகத்தில் 9 வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஜி.எம். இருப்பது கோவை ஹெட் ஆபீஸில். மாதம் ஒரு முறை மில்லுக்கு வருவார். கார்டிங், ஸ்பின்னிங் எல்லாம் சுற்றிவிட்டு லேப் வாசலில் நின்று "சி.எஸ்.பி. எப்படி இருக்கு?" என்பார். நூலின் வலிமையைச் சொல்லும் எண் அது. சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

எனக்குப் பஞ்சு கொள்முதல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வாங்கி வந்த பஞ்சைச் சோதிப்பதோடு லேப் வேலை முடிந்துவிடும். எதை வாங்கலாம் என்று பேசும் இடத்தில் எங்களுக்கு இடமில்லை. போன வருஷம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், மேல வர்றதுக்கு ஏதாவது வாய்ப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். அதோடு சரி. அன்று வீட்டில் அழுதேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? என்ன வாய்ப்பு, எத்தனை நாள், என் வேலையை யார் பார்ப்பது என்று நான் எதையுமே சொல்லவில்லையே.

அப்புறம் ஜனவரியில் திருப்பூரிலிருந்து ஒரு புகார். சாயம் போட்ட துணியில் பட்டை பட்டையாகக் கோடு. நூலில் கவுண்ட் (நூலின் பருமன்) சரி, ஸ்ட்ரெங்த் சரி. பஞ்சு நாரை அளக்கும் எச்.வி.ஐ. மெஷினின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முதல் வார மிக்சிங்கில் மைக்ரோனேர் (நாரின் மென்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு) சராசரி 4.2, லாட் மாறியதும் 3.6. அதே ரகப் பஞ்சுதான், ஆனால் நார் சரியாக முதிரவில்லை. முதிராத நார் சாயத்தில் வெளிறித் தெரியும். இரண்டு வாரத்து நூல் கோன்களும் ஒரே நிட்டிங் மெஷினில் ஏறினால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை அவர் வந்தபோது ஒரே ஒரு தாளை நீட்டினேன். மேலே அந்த இரண்டு எண்கள். கீழே, சாம்பிள் பார்க்கும் சமயத்தில் மாதம் 2 நாள், பஞ்சைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் செலக்டருடன் உட்கார அனுமதி வேண்டும், அந்த நாட்களில் லேபைப் பார்த்துக்கொள்ள ஷிப்டு டெக்னீஷியனிடம் பேசிவிட்டேன், கோவை ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் பயிற்சி வகுப்பு நடந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன்.

நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த 3.6 எந்த லாட்டும்மா?" கால் மணி நேரம் பேசினோம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து போன். "திங்கக்கிழமை சங்கர்-6 பஞ்சு சாம்பிள் வருது. பத்து மணிக்கு இங்க வந்துருங்க."

செலக்டர் ஐயா ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்தார். இரண்டு கைக்கும் நடுவில் இழுத்து, சேர்த்து, மறுபடி இழுத்து, நாரெல்லாம் சீப்பால் வாரியது போலப் படிந்ததும் "29" என்றார், நாரின் நீளம் மில்லிமீட்டரில். என்னிடமும் கொடுத்தார். என் விரலில் அது சிக்கலாகத்தான் வந்தது. 27 என்றேன். அந்தச் சாம்பிளை மில்லுக்குக் கொண்டுவந்து எச்.வி.ஐ.யில் போட்டுப் பார்த்தேன்: 28.8.

இப்போது தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிட்டிகைப் பஞ்சு எடுத்து இழுத்துப் பார்க்கிறேன். நேற்று 28 என்றேன், மெஷின் 28.3 காட்டியது.