மூட்டுக்கு ஊசி, நுரையீரலுக்குச் சோதனை

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து மட்டும் போதாது என்றானதும் மருத்துவர் அடாலிமுமாப் ஊசிக்கு மாறச் சொன்னார். அன்றே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததோ காசநோய்ச் சோதனைக்கான சீட்டு. விரல் வலிக்கு வந்தவளுக்கு எதற்குக் காசநோய்ச் சோதனை?

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். என் மூட்டுச் சவ்வில் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கணுக்கள் குவிந்து கிடக்கின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம்தான் வீக்கத்தைத் தூண்டிவிடுகிறது. ஊசி அதைக் கட்டிப்போடும். சரி, நல்லதுதானே? இங்கேதான் சிக்கல். நுரையீரலுக்குள் காசநோய்க் கிருமி நுழைந்தால் முதலில் விழுங்குவதும் இதே வகை அணுக்கள்தாம். வேறு கிருமியாக இருந்தால் விழுங்கியதும் செரித்துவிடும். இந்தக் கிருமி செரிமானத்தைத் தடுத்துவிட்டு உள்ளேயே குடியிருக்கும். கொல்ல முடியாத கிருமியைச் சுற்றி மேலும் பெருவிழுங்கணுக்களும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களும் திரண்டு வேலி போடுகின்றன. அந்த வேலி குலையாமல் இருக்க டிஎன்எஃப் தேவை. ஊசி அதைக் கட்டிப்போட்டால், உள்ளே உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் ஊசிக்குப் பிறகு 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. சோதனை கட்டாயமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வயதுக்காரர்கள் எல்லாரும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள். தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பழைய சோதனையில் அதனாலேயே தடிப்பு வரலாம். இரத்தச் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. தாதி நான்கு சின்னக் குழாய்களை எடுத்து வைத்தார்: சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர்தான். நிரப்பியதும் ஒவ்வொன்றையும் பத்து முறை குலுக்கினார். “உள் சுவர்ல மருந்து பூசியிருக்கு அக்கா, இரத்தம் எல்லாப் பக்கமும் படணும்” என்றார். கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி அணுக்கள் இருந்தால் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும்; அதைத்தான் அளக்கிறார்கள். பெருவிழுங்கணுக்களை முடுக்கிவிடும் சமிக்ஞையும் அதுவே.

முடிவு: பாசிட்டிவ். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, இருமலும் இல்லை. ஆக, உறங்கும் தொற்று மட்டும்தான், யாருக்கும் ஒட்டாது. வீட்டில் இதை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. மாமியார் என் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். உலகில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது என்று கணவர் எடுத்துச் சொன்ன பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

அப்புறம் அந்த உறங்கும் கிருமியைக் கொல்ல ரிஃபாம்பிசின் மருந்து, நான்கு மாதம், வெறும் வயிற்றில். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் இடையிடையே இரத்தம் எடுத்துக் கல்லீரலைச் சரிபார்த்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொன்னது நல்லதாயிற்று; இல்லாவிட்டால் அலறியிருப்பேன். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அந்த மாதங்களில் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள், கறை படிந்தால் போகாது. கருத்தடை மாத்திரையோ இரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசின் அவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

நான்கு மாதமும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் ஒழுங்காக விழுங்கிய பிறகு ஊசியைத் தொடங்கினார்கள். பணம் பற்றிய கவலைக்கு மருத்துவமனையின் சமூகசேவை அலுவலரை முதல் நாளே கேளுங்கள். படிவம் நகர நாளாகிறது. ஊசியை வீட்டுக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைபெட்டியில் அல்ல. விடாத இருமல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, உடனே அழைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு தந்தார்கள். அதைக் குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.