ஒரு மீட்டர்கூட இல்லாத கறுப்பு அடுக்கு

இன்று முழுக்க மனதில் ஓடுவது குப்ஃபர்ஷீஃபர்தான். ஜெர்மன் மொழியில் செப்பு ஷேல், அதாவது செம்புள்ள களிமண் பாறை என்று பொருள். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலடியில் படிந்த கறுப்புச் சேறு. பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் கனம்கூட இருக்காது, ஆனால் ஜெர்மனி, போலந்து என்று பரந்து கிடக்கிறது. பலகை பலகையாகப் பிரியும் அந்தக் கல்லைப் பிளந்தால் சில சமயம் செதில் செதிலாக ஒரு மீன் அப்படியே படுத்திருக்கும்.

செம்பும் வெள்ளியும் அப்புறம் வந்தவை. அடியிலுள்ள சிவப்பு மணற்பாறை வழியே ஊறிய உப்புநீர் அவற்றைக் கரைத்து மேலே கொண்டுவந்தது. ஆக்சிஜனற்ற அந்தக் கறுப்புச் சேற்றில் பட்டதும் கந்தகத்தோடு சேர்ந்து படிந்துவிட்டன. புதிதாக உடைத்த போர்னைட் என்ற செப்புத் தாது செம்பழுப்பாக இருக்கும். காற்றுப் பட்டதும் மயில் கழுத்து நிறம் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

ஜெர்மனியின் மான்ஸ்ஃபெல்டில் நூற்றாண்டுக் கணக்கில் இதைத் தோண்டினார்கள். கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் அப்பாவே அங்கே செம்பு உருக்கும் தொழில் செய்தவர்.

போலந்தின் லூபின் பகுதியின் கதை வேறு. அங்கே தரைமேல் எந்த அடையாளமும் இல்லை. யான் விஷிகோவ்ஸ்கி என்ற புவியியலாளர் விடாமல் துளையிட்டார். 1957-இல் ஷெரோஷோவித்சேயில், 600 மீட்டருக்கும் கீழே, துளைக்கருவி எடுத்துவந்த கல்தூணில் தாது தெரிந்தது. அந்தக் கல்தூணைக் கையில் வாங்கிய நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த லூபின் பகுதிச் சுரங்கங்களால்தான் இன்று உலகின் பெரிய வெள்ளி உற்பத்தி நாடுகளில் போலந்தும் ஒன்று.