ஷெல் பஞ்சத்துல பொண்ணோட டிராப் சீசனை ஓட்டின அனுபவம்

2021 ஸ்பிரிங்ல அமெரிக்கால மினசோட்டா மாநிலத்துல ஸ்கூல் டிராப் (பறக்கற தட்டைச் சுடற விளையாட்டு) டீம்ல புள்ளைங்க இருந்த வீடுகள்ல எல்லாம் ஒரே பேச்சுதான், ஷெல், அதாவது ஷாட்கன் தோட்டா, எங்க கிடைக்குது, என்ன விலை. என் பொண்ணு அந்த வருஷம்தான் டீம்ல சேர்ந்தா. 2020 சீசன் கொரோனால போச்சு, அதனால ரொம்ப ஆசையா காத்துட்டு இருந்தா, சேஃப்டி சர்டிபிகேட் எல்லாம் முன்னாடியே வாங்கி வச்சுட்டா. ஷெல் மட்டும் இல்ல. சில பேர் எப்படி சமாளிச்சீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் முழுசா எழுதிடறேன்.

டிராப் தெரியாதவங்களுக்கு: தரையோட தரையா ஒரு குட்டி வீடு இருக்கும், அதுக்குள்ள இருக்கற மெஷின் ஆரஞ்சு கலர் தட்டை வீசும், 16 கெஜம் பின்னாடி நின்னு ஷாட்கன்ல சுடணும். அஞ்சு இடம், இடத்துக்கு அஞ்சு தட்டு, ஆக ஒரு ரவுண்டுக்கு 25. ஷெல் பெட்டியும் 25தான், பத்து பெட்டி சேர்ந்தா ஒரு ஃபிளாட், 250. பசங்க வாரத்துக்கு ரெண்டு ரவுண்டு சுடுவாங்க, அப்போ ஒரு சீசனுக்கு குறைஞ்சது ரெண்டு ஃபிளாட் வேணும். 18 வயசு ஆகாதவங்களுக்கு கடைல ஷாட்கன் ஷெல் விக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால வாங்கற வேலை முழுக்க பெத்தவங்க தலைலதான்.

பஞ்சம் ஏன் வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 2020 மார்ச்ல கொரோனா பயத்துல வாங்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் போராட்டங்கள், அப்புறம் தேர்தல். துப்பாக்கி வாங்கறவங்களுக்குப் பண்ற பேக்கிரவுண்ட் செக் 2019ல சுமார் 2.8 கோடி, 2020ல கிட்டத்தட்ட 4 கோடி. புதுசா துப்பாக்கி வாங்கின ஒவ்வொருத்தரும் ரெண்டு பெட்டி தோட்டா வாங்கினாலே என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதே நேரத்துல ரெமிங்டன் கம்பெனி 2020 ஜூலைல திவால் மனு போட்டுடுச்சு, அர்கன்சால இருக்கற அவங்க தோட்டா ஃபேக்டரியை விஸ்டா அவுட்டோர் வாங்கி மறுபடி முழு வேகத்துல ஓட்ட நேரம் பிடிச்சுது. ஃபெடரல் ஷெல் பண்ற ஃபேக்டரி எங்க ஊர்ப் பக்கம் அனோக்காலதான் இருக்கு, வீட்டுல இருந்து கார்ல போற தூரம்தான், ஆனா அவங்க பண்றது நாடு முழுக்கப் போகணுமே, பக்கத்துல இருக்கறதால நமக்கு ஒண்ணும் ஸ்பெஷலா வராது.

முன்னாடி ஏழு டாலருக்குள்ள கிடைச்ச டார்கெட் லோட் (தட்டு சுடறதுக்குன்னே பண்ற ஷெல்) பெட்டி 12, 14னு போச்சு, அதுவும் இருந்தாதானே. கடைல அம்மோ வரிசைக்குப் போனா மான் சுடற ஸ்லக், பக்‌ஷாட், வாத்துக்கு ஸ்டீல் ஷாட் இதுதான் இருக்கும், இதெல்லாம் டிராப் மைதானத்துல ஆகாது. நமக்கு வேணும்ங்கறது ஈய ரவை (ஷெல்லுக்குள்ள இருக்கற குட்டிக் குண்டுங்க), சைஸ் 7½ இல்லன்னா 8, அதை விடப் பெரிய ரவை விடமாட்டாங்க.

இங்க எனக்கு உதவினது பெட்டி மேல இருக்கற நம்பரைப் படிக்கக் கத்துக்கிட்டதுதான். 2¾, 1⅛, 1145, 8னு போட்டிருக்கும். முதல்ல ஷெல்லோட நீளம் இன்ச்ல, அடுத்தது எத்தனை அவுன்ஸ் ரவை, அப்புறம் வேகம் செகண்டுக்கு இத்தனை அடின்னு, கடைசியா ரவை சைஸ். இதை வச்சுப் பார்த்தா டார்கெட் ஷெல்லுன்னு பேர் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல, புறா, காடை வேட்டைக்குன்னு விக்கற பெட்டில ஒரு அவுன்ஸ், 8 சைஸ் ஈய ரவைதான் இருக்கும், வேகம் கொஞ்சம் கூட. அந்தப் பெட்டியைக் கோச் கிட்ட காட்டிக் கேட்டேன், ஸ்கூல் போட்டி நடத்தற லீக்கோட வேக லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, சுடலாம்னார். தோள்ல உதை கொஞ்சம் ஜாஸ்தி அவ்வளவுதான். எல்லாரும் டார்கெட் ஷெல்ஃபையே பாத்துட்டுத் திரும்பும்போது ஹன்டிங் ஷெல்ஃப்ல இது கொஞ்ச நாள் கிடந்துச்சு.

ரெண்டாவது விஷயம் கேஜ், அதாவது துப்பாக்கிக் குழாயோட அகலம், நம்பர் சின்னதா இருந்தா குழாய் பெருசு. பொண்ணுகிட்ட இருந்தது 20 கேஜ், உடம்பு சின்னதுன்னு அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம். 12 கேஜே கிடைக்காத நேரத்துல 20 கேஜ் சுத்தமா காணோம். கோச் கிளப்போட 12 கேஜ் துப்பாக்கி ஒண்ணை சீசன் முழுக்கக் கடனா கொடுத்தார், ஒரு அவுன்ஸ் 1180 வேகத்துல லைட் லோட் போட்டா 20க்கும் இதுக்கும் உதைல பெரிய வித்தியாசம் தெரியல, துப்பாக்கி கனமா இருக்கறதும் ஒரு காரணம். ஆனா ரெண்டு கேஜும் ஒரே வீட்டுல இருந்தா உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. 20 கேஜ் ஷெல் 12 கேஜ் குழாய்க்குள்ள வழுக்கி உள்ள போய் நடுவுல சிக்கி நின்னுடும், வெளிய பாத்தா காலியா இருக்கற மாதிரியே தெரியும், அது பின்னாடி ஒரு 12 ஷெல்லைப் போட்டு சுட்டா குழாயே வெடிச்சுடும். அதுக்காகத்தான் 20 கேஜ் ஷெல் மஞ்சள் கலர்ல வரும். கோச் சொன்னபடி நான் வீட்டுல மிச்சம் இருந்த மஞ்சள் ஷெல் எல்லாத்தையும் வேற அலமாரில பூட்டி, அவ இடுப்புப் பையை உதறி, கவுத்துப் போட்டு, தையல் மூலை எல்லாம் விரல் விட்டுத் தடவிப் பார்த்த அப்புறம்தான் 12 ஷெல்லை உள்ள போட விட்டேன்.

ஆன்லைன்ல தேடறவங்களுக்கு: பெட்டி விலையைப் பாக்காதீங்க, வீட்டுக்கு வந்து சேர்ற விலையை ஷெல் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. ஒரு ஃபிளாட் 25 பவுண்டு பக்கம் கனக்கும், ஷிப்பிங்லயே போயிடும். அப்போ சீப்பா இருக்கேன்னு பாத்தா ஷிப்பிங்கோட ஷெல்லுக்கு 60 சென்ட் வந்துச்சு, பக்கத்து ஊர்ல சின்ன கடைல 45 சென்ட்டுக்கு இருந்துச்சு. ஒரு ஆன்லைன் கடை ஆர்டர் எடுத்துக்கிட்டு வாரக்கணக்குல வச்சிருந்துட்டு ஸ்டாக் இல்லன்னு கேன்சல் பண்ணினாங்க, கார்டுல பணம் திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பணத்துல வாங்கியிருக்க வேண்டியது கைவிட்டுப் போச்சு. கோபம் இன்னும் இருக்கு.

சுட்ட காலி ஷெல்லை வீட்டுலயே மறுபடி நிரப்பற ரீலோடிங் பண்ணலாமேன்னு நிறைய பேர் சொல்வாங்க. எங்க கிளப்ல ஒரு பெரியவர் மெக் 600 ஜூனியர் மெஷின்ல பல வருஷமா பண்றார், கூட உக்காந்து பார்த்தேன். காலி ஷெல்லோட பழைய ப்ரைமரை (அடில இருக்கற, மருந்தைப் பத்த வைக்கற குட்டி மூடி) தட்டி எடுத்து, புதுசு வச்சு, வெடிமருந்து, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வர்ற அடைப்பு), ரவைன்னு ஒவ்வொண்ணா இறக்கி, கடைசில வாயை மடிச்சு மூடறது. ஒவ்வொரு தடவை கைப்பிடியை இழுக்கும்போதும் சத்தம் சரியா வருதான்னு காது கொடுத்துக் கேக்கறார் மனுஷன், அவ்வளவு அக்கறை. 25 பவுண்டு ரவை மூட்டைல ஒரு அவுன்ஸ் கணக்குல 400 ஷெல் வரும், அழகான கணக்குதான். ஆனா ஷாட்கன் ஷெல்லுக்கு வேணும்ங்கற 209 சைஸ் ப்ரைமர் எங்க? முன்னாடி ஆயிரம் 35 டாலர் மாதிரி இருந்தது, அப்போ நூறுக்கு மேல கேட்டாங்க, அதுலயும் ஆன்லைன்ல வாங்கினா வெடிபொருள்னு தனி ஷிப்பிங் கட்டணம் வேற. முன்னாடியே ப்ரைமர் சேத்து வச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான் அது கை கொடுத்துச்சு, பஞ்சம் வந்த அப்புறம் மெஷின் வாங்கறது வேஸ்ட். எப்படியும் பசங்க ஃபேக்டரி ஷெல்தான் சுடணும்னு கோச் கண்டிப்பா சொல்லிட்டார்.

கடைசில எங்களைக் காப்பாத்தினது கிளப்தான். கன் கிளப்புகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட நேரடி கணக்கு இருக்கும், ஆனா சின்ன கிளப் பத்து ஃபிளாட் கேட்டா யாரும் மதிக்க மாட்டாங்க. எங்க டீம், பக்கத்து ரெண்டு ஸ்கூல் டீம், கிளப் மெம்பர்ஸ் எல்லாரும் சேந்து ஒரு பேலட் (பெட்டி எல்லாம் அடுக்கி வர்ற மரப் பலகை) முழுசா ஆர்டர் போடலாம், பணம் முன்னாடியே கட்டிடறோம், பிராண்ட் எதுவா இருந்தாலும் பரவால்ல, 12 கேஜ், ஒரு அவுன்ஸ் இல்ல 1⅛, 7½ இல்ல 8னு மட்டும் இருந்தா போதும்னு எழுதிக் கொடுத்தோம். இந்த பிராண்டுதான் வேணும்னு அடம் பிடிச்சவங்க லிஸ்ட்லயே தொங்கிட்டு இருந்தாங்க, எங்களுக்கு இத்தாலி சரக்கு வந்து சேர்ந்துச்சு. ஃபிளாட் 90 டாலர், ஷெல்லுக்கு 36 சென்ட், அந்த நேரத்துக்கு அது ரொம்ப நல்ல விலை. ஃபோர்க்லிஃப்ட்ல இறக்கி பிளாஸ்டிக் உறையைக் கிழிச்ச உடனே பசங்களே வரிசையா நின்னு ஆளுக்கு ஒரு ஃபிளாட்டாத் தூக்கிக் கார்ல வச்சாங்க, காசு கட்ட முடியாத ரெண்டு பசங்களுக்கு சேத்தே நாங்க எல்லாரும் கொஞ்சம் கூடப் போட்டிருந்தோம், யாருக்குன்னு யாரும் கேக்கல.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எச்1பி மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கி மட்டும் இல்ல, தோட்டா வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி தப்பு, செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை கிடையாது. புள்ளையை டீம்ல சேக்கறதுக்கு முன்னாடி வக்கீல் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, பின்னாடி விசாவுக்கே சிக்கலாயிடும். கலிஃபோர்னியால இருக்கறவங்களுக்கு 2019 ஜூலைல தோட்டா வாங்கவே பேக்கிரவுண்ட் செக்னு கொண்டு வந்தாங்க, ஆன்லைன்ல வாங்கினாலும் டீலர் வழியாதான் வரணும்னாங்க.

கூட்டு ஆர்டரை எங்க கிளப் அப்புறமும் விடாம நடத்துது. மினியாபொலிஸ் பக்கம் இருக்கறவங்க பசங்க பேரைக் கொடுக்கற அன்னிக்கே கோச் கிட்ட ஷெல் ஆர்டர் எப்போன்னு கேட்டுடுங்க, குளிர்காலத்துலயே பணம் கட்டினாதான் ஏப்ரல் முதல் ப்ராக்டிஸுக்குக் கைல இருக்கும்.